லைனில் நிற்பதற்கு முன்னால்

2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸ் பேசியபோது 'சித்தி' என்று தமிழிலேயே சொன்னதை நாம் எல்லோரும் கொண்டாடினோம். வாட்ஸ்அப் முழுக்க அதுதான். அதே பேச்சில், இரண்டு மூன்று வரி தள்ளி, தன் குடும்பம் என்று இன்னொன்றையும் அவர் சொன்னார்: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. அது நம்மில் பலர் காதில் விழவேயில்லை. விழுந்தவர்களும் ஏதோ காலேஜ் கிளப் போல என்று விட்டுவிட்டார்கள். அது ஒரு சொராரிட்டி, அதாவது கல்லூரிப் பெண்கள் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்து நடத்தும் அமைப்பு. 1986-இல் வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அதில் சேர்ந்தவர் அவர். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் உலகமே பார்க்கிற மேடையில் அதைக் குடும்பம் என்கிறார் என்றால், அப்படி என்னதான் இருக்கிறது அதில்? ஒரு புதுப் பெண்ணை அதற்குள் கொண்டுவர எப்படித் தயார் செய்கிறார்கள், எப்படிச் செய்யவே கூடாது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் உறுப்பினர் இல்லை. மேரிலாண்டில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழி, என்னைவிட நன்றாகவே மூத்தவர், கறுப்பினப் பெண்கள் தொடங்கிய இப்படிப்பட்ட நான்கு சொராரிட்டிகளில் ஒன்றில் மாணவியாகச் சேர்ந்து இன்று வரை தொடர்கிறார். புதியவர்களைச் சேர்க்கும் குழுவில் பல வருடம் இருந்தவர். எந்தச் சொராரிட்டி என்று எழுத மாட்டேன். அவர்களுடைய சடங்குகள் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியவை. அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. அதற்கு வெளியே இருப்பதே நிறைய.

சுருக்கமாக வரலாறு. 1908 ஜனவரி 15-ஆம் தேதி ஹோவர்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா தொடங்கியது. கறுப்பினப் பெண்கள் கிரேக்க எழுத்துப் பெயரோடு தொடங்கிய முதல் சொராரிட்டி அதுதான். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை வர இன்னும் பன்னிரண்டு வருடம் பாக்கி, அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை, அந்த நேரத்தில் கல்லூரிப் படிப்பைத் தொட்ட கறுப்பினப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1913 ஜனவரியில் அதிலிருந்து 22 பேர் பிரிந்து டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். 1920-இல் அதே ஹோவர்டில் ஐந்து பேர் ஸீட்டா ஃபை பீட்டா. 1922-இல் இண்டியானாபொலிஸ் பட்லர் பல்கலைக்கழகத்தில் ஏழு ஆசிரியைகள் சிக்மா காமா ரோ. மற்ற மூன்றும் கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் பிறந்தவை. இந்த நான்காவது மட்டும் வெள்ளையர் நடத்திய கல்லூரியில், அதுவும் இண்டியானாவில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கொடிகட்டிப் பறந்த நாட்களில் பிறந்தது. இந்த ஏழு பேர் மீது எனக்குத் தனி மரியாதை. இந்த நான்கோடு ஐந்து ஆண்கள் அமைப்புகளையும் சேர்த்துத்தான் 'டிவைன் நைன்' என்கிறார்கள்.

வெள்ளையர் சொராரிட்டிகளைச் சினிமாவில் பார்த்துவிட்டு இதையும் அப்படியே நினைத்தால் ஒன்றும் புரியாது. இங்கே கல்லூரி முடிந்ததும் கதை முடிவதில்லை, அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஊருக்கு ஊர் பட்டதாரிக் கிளைகள் இருக்கின்றன. டாக்டர், நீதிபதி, பள்ளித் தலைமையாசிரியை, பேருந்து அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்று எல்லோரும் மாதாமாதம் கூடுகிறார்கள். கல்லூரியில் வாய்க்காமல் போய், நாற்பது ஐம்பது வயதில் புதிதாகச் சேர்கிறவர்களும் உண்டு. ஒருவரை ஒருவர் 'சோரர்' என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எண்பது வயதுப் பாட்டியம்மாவும் இருபது வயதுப் பெண்ணுக்குச் சோரர்தான். ஆக, புதியவரைத் தயார் செய்வது என்றால் ஐம்பது அறுபது வருடம் சளைக்காமல் வேலை செய்யப்போகிற ஒருத்தியைத் தயார் செய்வது. என் தோழி இதை ஓயாமல் சொல்வார்.

சேர்வதற்கான வழி வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். நேராகப் போய் 'எனக்குச் சேர வேண்டும்' என்று ஊரெல்லாம் சொல்லக்கூடாது. ஆசையை வாய்க்குள் வைத்துக்கொள்வதே முதல் பாடம். இன்ஸ்டாகிராமில் அவர்கள் நிறத்தில் உடை போட்டுக்கொண்டு படம் போடுவது, அவர்கள் கைச்சின்னத்தைக் காட்டுவது, அவர்கள் கூவும் கூவலைக் கூவுவது எல்லாம் வேலைக்கு ஆகாது. மதிப்பெண் இருக்க வேண்டும், பெரும்பாலும் நான்குக்கு 2.5-க்குக் குறையாத ஜிபிஏ. சமூகப் பணி செய்ததற்குச் சான்று, உறுப்பினர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம், அப்புறம் நேர்காணல், அதற்குப் பிறகு ஓட்டு. செலவும் உண்டு, சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா எல்லாம் சேர்த்தால் ஒரு மாணவிக்கு அது சின்னத் தொகை இல்லை. இதைச் சில கிளைகள் கடைசி நேரம் வரை வெளியே சொல்வதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு படிக்கிற பெண்ணுக்கு ஆறு மாதம் முன்னாலேயே தெரிந்தால்தானே சேர்த்து வைக்க முடியும்?

என் தோழியும் இன்னும் இரண்டு மூன்று பேரும் சனிக்கிழமை காலையில் ஊர் நூலகத்தில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, கல்லூரிப் பெண்களுக்கு ரெஸ்யூமே எழுதவும் நேர்காணலுக்குப் போகவும் சொல்லித் தருவார்கள். சொராரிட்டிக்காக என்று அறிவிப்பதில்லை, யாரும் வரலாம். டோனட் வாங்கிப்போகும் சாக்கில் நானும் ஒருமுறை போய் உட்கார்ந்தேன். ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்களோடு வந்திருந்தாள். என் தோழி ஒவ்வொன்றாகப் புரட்டினார். உணவு வங்கியில் நான்கு மணி நேரம், பூங்கா சுத்தம் செய்தது மூன்று மணி நேரம், ரத்த தான முகாம் இரண்டு மணி நேரம், இப்படியே போனது. கோப்பை மூடிவிட்டு, "இதில் எந்த இடத்துக்கு நீ இரண்டாவது தடவை போனாய்?" என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கோப்பில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்: தன் அத்தை வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்கு வாராவாரம் கடிதம் படித்துக் காட்டுகிறாளாம், அதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லையாம். "அதை எழுது, அதைத்தான் முதலில் எழுது" என்று தோழி பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அந்த ஒரு கேள்வியில் நான் பார்த்தேன், தயார் செய்வது என்றால் என்னவென்று.

இன்னொரு பக்கம் படிப்பு. நிறுவனர்களின் பெயர்கள், தேதிகள், கிரேக்க எழுத்து வரிசை என்று மனப்பாடம் நிறைய. வெறும் மனப்பாடம் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் சின்னத்தில் 20 முத்துகள். தொடங்கிய முதல் ஒன்பது பேர், அவர்களோடு சேர்ந்துகொண்ட ஏழு பேர், அப்புறம் 1913-இல் அமைப்பைச் சட்டப்படி பதிவு செய்து நிலைநிறுத்திய நான்கு பேர், மொத்தம் இருபது. 2021-இல் கமலா பதவியேற்ற அன்று அவர் கழுத்தில் முத்து இருந்ததும், ஊர் ஊராகப் பெண்கள் அன்று முத்துமாலை போட்டுக்கொண்டதும் இதனால்தான். அந்த இருபது பேரையும் பெயர் பெயராகத் தெரிந்தவளுக்கு அந்த மாலை கழுத்தில் கனக்கும்.

பெயர்களைவிடக் கதைகள்தான் முக்கியம் என்பது என் கட்சி. டெல்டாக்காரர்கள் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1913 மார்ச் 3-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் போய் நின்றார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கட்டும் என்று ஏற்பாட்டாளர்களே சொல்லிக்கொண்டிருந்த ஊர்வலம் அது. வழியெல்லாம் ஆண்கள் கூட்டம் நெருக்கித் தள்ளி ஏசியது. இருபது வயதுப் பெண்கள், படிப்பை முடிக்க வேண்டிய பெண்கள், போகாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நூறு வருடம் கழித்து 2013-இல் அதே நகரத்தில் ஆயிரக்கணக்கான டெல்டாக்கள் அந்த நடையை மறுபடி நடந்தார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது மிசிசிப்பிக் கதை. 1935-லிருந்து 1942 வரை ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாப் பெண்கள் ஒவ்வொரு கோடையிலும் மிசிசிப்பியின் பருத்திக்காட்டுக்குப் போய் மருத்துவ முகாம் நடத்தினார்கள். தலைமை டாக்டர் டாரதி பூல்டிங் ஃபெரபீ. தன் சொந்த மருத்துவ வேலையை அந்த நாட்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, டாக்டர்கள், நர்ஸ்கள், ஆசிரியைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர். போய்ப் பார்த்தால் தோட்ட முதலாளிகள் குத்தகைக் கூலிகளை முகாமுக்கு அனுப்ப மறுக்கிறார்கள். வேலை கெட்டுவிடுமாம், இந்தப் படித்த பெண்கள் வந்து ஜனங்களைக் கிளப்பிவிடுவார்களோ என்ற பயமும் கூட. சரி என்று முகாமையே காரில் ஏற்றித் தோட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மரத்தடியில், தேவாலயத் திண்ணையில் வைத்துத் தடுப்பூசி போட்டார்கள். அம்மை, டிப்தீரியா என்று ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு. அமெரிக்கப் பொதுச் சுகாதார வரலாற்றில் இதற்குப் பெரிய இடம் உண்டு. ஒரு சொராரிட்டி, சந்தாப் பணத்தில் செய்தது. சேர வருகிற ஒவ்வொரு பெண்ணும் இதை வரி வரியாகத் தெரிந்துகொண்டு வந்தால் போதும், மற்ற மனப்பாடத்தில் கொஞ்சம் சறுக்கினால்கூட நான் பாஸ் போட்டுவிடுவேன்.

இனி கசப்பான பகுதி.

பல பத்தாண்டுகளுக்கு உறுப்பினராவதற்கு முன்னால் 'ப்ளெட்ஜிங்' என்ற காலம் இருந்தது. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவுக்குக் காத்திருப்பவர்களை ஐவி என்பார்கள், டெல்டாவுக்குக் காத்திருப்பவர்களை பிரமிட், ஸீட்டாவுக்கு ஆர்க்கோனியன், சிக்மா காமா ரோவுக்கு ஆரோரா. வாரக்கணக்கில் ஒரே மாதிரி உடை, ஒரே வரிசையில் நடை, வெளியாட்களோடு பேச்சில்லை. அந்த வரிசைதான் 'லைன்'. குள்ளமானவர் முன்னால், உயரமானவர் கடைசியில். ஒன்றாக நின்றவர்கள் லைன் சிஸ்டர்ஸ். அந்த உறவு சாகும்வரை. லைன் சிஸ்டரின் பிள்ளைப்பேற்றுக்கு லீவு போட்டுவிட்டு ஓடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வரிசையோடு சேர்ந்து அடியும் வந்தது. கட்டையால் அடி, தூங்கவிடாமல் வைத்திருப்பது, கேவலப்படுத்துவது. நம் பாஷையில் ராகிங். 1989-இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில், ஆண்கள் அமைப்பு ஒன்றில் சேரவிருந்த மாணவர் ஒருவர் இறந்துபோனார். அதற்கப்புறம் 1990-இல் அப்போது கூட்டமைப்பில் இருந்த எட்டு அமைப்புகளும் (ஒன்பதாவது பிறகுதான் சேர்ந்தது) கூடி ப்ளெட்ஜிங்கையே எடுத்துவிட்டன. அதற்குப் பதிலாக வந்ததுதான் இன்றைய 'மெம்பர்ஷிப் இன்டேக்': விண்ணப்பம், நேர்காணல், சில நாள் அல்லது சில வாரப் பயிற்சி, சடங்கு, முடிந்தது. காகிதத்தில் ராகிங் ஒழிந்தது. நிஜத்தில் ராத்திரிக்கு மாறிப்போனது. 2002-இல் லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் இரவு நேரத்தில் இரண்டு இளம் பெண்களை அலை கொண்டுபோனது. ஒரு சொராரிட்டியில் சேருவதற்காகத்தான் அவர்களைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள் என்று குடும்பத்தினர் வழக்குப் போட்டார்கள். கல்லூரிகள் ராகிங் சம்பவங்களைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று மத்தியச் சட்டம் வந்தது எப்போது தெரியுமா, 2024 டிசம்பரில்தான்.

ஏன் இன்னும் நடக்கிறது? 'பேப்பர்' என்று ஒரு வசவு இருக்கிறது. முறைப்படி விண்ணப்பம் போட்டு, ஒளிவு மறைவு இல்லாமல் சேர்ந்தவளைப் பார்த்து, நீ வெறும் காகிதத்தில் உறுப்பினர், கஷ்டப்பட்டு வரவில்லை என்று ஒதுக்குவது. பத்தொன்பது வயதில் அந்த வசவு எப்படிக் குத்தும் என்று யோசியுங்கள். அந்தப் பெயருக்குப் பயந்தே, நல்ல படிப்பாளிப் பெண்கள், வீட்டில் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, நள்ளிரவில் யாரோ ஒருத்தி கூப்பிட்ட இடத்துக்குப் போய் நிற்கிறார்கள்.

பழைய முறைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்வதில் ஒரு பாதி எனக்கும் சரி. இரண்டு மூன்று வாரத்தில் ஒருத்திக்கு என்ன தெரியும், லைன் சிஸ்டரின் அம்மா பெயர்கூடத் தெரியாது, இதில் எங்கே பாசம் வரும் என்கிறார்கள். உண்மைதான், காலம் போதாது. அந்தப் போதாமையை அடியால் நிரப்ப முடியும் என்பதுதான் எனக்கு ஏறவில்லை. அடி வாங்கி வந்தவள் அடுத்த வருடம் அடிக்கக் கற்றுக்கொள்கிறாள், வேறு ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. காலம் போதாது என்றால் காலம் கொடுங்கள். சேர்வதற்கு முன்னால் இரண்டு வருடம் கூடவே நடந்து சொல்லிக்கொடுங்கள், சேர்ந்த பின்னால் ஒரு வருடம் கைபிடித்துக் கூட்டிப் போங்கள். அதற்கு மூத்தவர்கள் தங்கள் சனிக்கிழமைகளைக் கொடுக்க வேண்டும். ராத்திரியில் மிரட்டுவதைவிட அது பல மடங்கு கஷ்டமான வேலை, அதனால்தான் பலர் செய்வதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

பழைய லைனிலிருந்து நல்லதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ள முடியும் என்பதற்குச் சாட்சி, புதியவர்களை ஊருக்குக் காட்டும் நிகழ்ச்சி. ப்ரோபேட் என்பார்கள். சடங்கெல்லாம் முடிந்து உறுப்பினரான பிறகு, கல்லூரி வளாகத்தில் எல்லோர் முன்னாலும் நடக்கும். ஒரு வசந்தகால மாலையில் தோழி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முகமூடி போட்ட பெண்கள், ஒருவர் கை இன்னொருவர் கையோடு பின்னி, முன்னால் நிற்பவள் முதுகோடு ஒட்டி, ஒரே உடம்பு போல அடி வைத்து வந்தார்கள். தரையில் விழும் காலடிச் சத்தம் நம் நெஞ்சில் கேட்கும். நிறுவனர்களின் பெயர்களை எல்லோரும் ஒரே மூச்சில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாக முகமூடி எடுத்து, தன் பெயர், ஊர், லைனில் தன் எண், லைன் தனக்கு வைத்த பெயர் என்று அடித்தொண்டையிலிருந்து கத்திச் சொன்னாள். நடுவில் ஒருத்திக்குக் குரல் கட்டிக்கொண்டது. பின்னால் நின்றவள் அசையாமல், தலையைக்கூடத் திருப்பாமல், பின்னியிருந்த கையை மட்டும் ஒரு தடவை இறுக்கினாள். அடுத்த வரி கணீரென்று வந்தது. கூட்டத்தில் அவளுடைய அம்மா, அவரும் அதே சொராரிட்டிதான் போல, அதே நிறத்தில் உடை போட்டிருந்தார், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதார். இந்த ஒத்திசைவு அடியால் வந்ததில்லை, ராப்பகலாகச் சேர்ந்து பயிற்சி எடுத்ததால் வந்தது.

மறுநாளிலிருந்துதான் அசல் சோதனை. சட்டை, ஜாக்கெட், பை என்று எல்லாவற்றிலும் எழுத்துகளைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் சுற்றுவார்கள்; சுற்றட்டும், சந்தோஷப்பட வேண்டிய நேரம். அதற்கப்புறம் கூட்டங்களுக்கு வராமல் போகிறவர்கள் எல்லாக் கிளையிலும் உண்டு. என் தோழியின் கிளையில் புதியவர்களுக்கு முதலில் கொடுப்பது மேடை இல்லை, வாக்காளர் பதிவு மேசை. மளிகைக் கடை வாசலில் மடக்கு மேசை போட்டு, வருகிறவர் போகிறவரிடம் பேசி, படிவத்தைச் சரியாக நிரப்ப உதவ வேண்டும். பக்கத்தில் ஒரு மூத்த சோரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் அதிகம் பேச மாட்டார். திட்டிவிட்டுப் போகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது, விலாசம் மாறிய விதவையிடம் எதைக் கேட்க வேண்டும், இதையெல்லாம் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதைப் படிக்கிற அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நான்கிலும் கறுப்பினத்தவர் மட்டுமே சேரலாம் என்று விதி கிடையாது; நம் பிள்ளைகள் யாராவது ஹோவர்டிலோ ஸ்பெல்மனிலோ படித்து, இந்த ஆசையோடு வீட்டுக்கு வரலாம். பயந்துவிடாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். ஆனால் இது யாருடைய வீடு, யார் ரத்தம் சிந்திக் கட்டியது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விருந்தாளியாக நுழைந்து வேலைக்காரியைப் போல உழைக்கத் தயாரா என்று கேளுங்கள். கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நள்ளிரவில் போனில் கூப்பிட்டு யாரிடமும் சொல்லாமல் வா என்று எவர் சொன்னாலும், அவர் எத்தனை பெரிய சோரராக இருந்தாலும், போக வேண்டாம் என்றும் நீங்கள் திட்டமாட்டீர்கள் என்றும் இப்போதே சொல்லி வையுங்கள். மற்றபடி, பொது நிகழ்ச்சிகளுக்கு அவள் போகட்டும், நாற்காலி எடுத்துப்போட்டு உதவட்டும், வரலாற்றைப் படிக்கட்டும், மதிப்பெண்ணைக் கவனிக்கட்டும். அறிமுகக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால் நேரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சில கிளைகளில் தொடங்கிய வருடத்தை வைத்து மாலை 7:08 என்றோ 7:13 என்றோ போடுவார்கள், 7:09-க்குப் போனால் கதவு சாத்தியிருக்கும்.